பிடிபட்ட பாம்பின் வாயும் வயிறும்

பாம்பினால் மனிதனுக்கு நேரும் துன்பத்தைப் பற்றி நம் நாட்டில் பலரும் பேசுகின்றனர்; எழுதுகின்றனர். மனிதன் கையில் அகப்பட்ட பாம்பு எந்த நோயால் மடிகின்றது என்று விசாரிப்பவர் சிலரே. கூடையிலோ கூண்டிலோ அடைபட்ட ஒரு பாம்பு இரை உண்ண மறுத்துச் சில வாரங்களில் இறந்துபோனால், காட்டுப் பிராணி அடைபட்டால் ஏங்கித்தான் சாகும் என்று சொல்லி அதனோடு விட்டுவிடுவது வழக்கம். ஏக்கத்தால் நேர்ந்தவை என்று கருதப்படும் இத்தகைய மரணங்களில், உடலை அறுத்துப் பார்த்தால் காணப்படுவது பெரும்பாலும் வேறு. சீழ் கட்டிய வாய், அழுகிய இரை தங்கிய இரைப்பை, புண்பட்ட குடல், நீர் கோத்த நுரையீரல் ஆகியவையே அங்கே தென்படும். இவற்றில் பலவற்றிற்குக் காரணம் பாக்டீரியாக்கள். அந்தப் பாக்டீரியாக்களுக்கு வழி திறந்துவிடுவதோ பாம்பு வைத்திருக்கப்பட்ட முறை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாகத்தையோ சாரையையோ மலைப்பாம்பையோ அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். ஆகவே நம் நாட்டுப் பாம்புகளில் 'வளர்ப்புப் பாம்பு' என்று சட்டப்படி ஒன்று இல்லை. எனினும் மனிதன் பொறுப்பில் வாழும் பாம்புகள் பல இருக்கின்றன. பாம்பாட்டிகளிடமிருந்து வனத்துறையினர் கைப்பற்றும் நாகங்கள், வீடுகளிலிருந்து பிடிக்கப்பட்டு ஓரிரு நாள் பெட்டியில் காத்திருப்பவை, உயிரியல் பூங்காக்களில் இருப்பவை, நச்சு எடுப்பதற்காகச் சில வாரங்கள் வைக்கப்படுபவை ஆகிய யாவும் இவ்வகையின. அண்மைக் காலத்தில் நகரங்களில் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை வளர்ப்போரும் தோன்றியுள்ளனர். சர்வதேச வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் விதிகள் வெளியிட்டுள்ளது. இனம் எதுவாயினும் நோயின் போக்கு ஏறக்குறைய ஒன்றே. கண்கூடாகக் காணத்தக்க உதாரணம் பாம்பாட்டியின் கூடையிலுள்ள நாகம் என்பதால் அதனை முன்வைத்தே இங்கு விஷயம் விளக்கப்படுகின்றது.

வெளி உஷ்ணத்தை நம்பிய ஜீரணம்

பாம்பு தன் உடலின் உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ளும் பிராணி அன்று. வெயிலிலும் சூடான கல்லிலும் மண்ணிலும் இருந்து அது உஷ்ணத்தைப் பெறுகின்றது. மிகுந்தால் நிழலுக்கும் வளைக்கும் செல்கின்றது. நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை உடல் உஷ்ணம் 28 முதல் 32 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கும்போது நன்கு இயங்குகின்றன. இது 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஜீரணம் மிகவும் மந்தமாகி, மேலும் குளிர்ந்தால் நின்றே போகும்.

இதன் விளைவை அறிய, பாம்பு இரையை மெல்லுவதில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஓர் எலியை நாகம் விழுங்கும்போது எலியின் தோல், மயிர், எலும்பு, குடல், குடலிலுள்ள பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்தே உள்ளே செல்கின்றன. அதன்பின் இரைப்பையில் ஒரு போட்டி நடக்கின்றது. பாம்பின் அமிலமும் நொதிகளும் எலியை வெளிப்புறத்திலிருந்து கரைத்துக்கொண்டு உட்செல்கின்றன. எலியின் குடலிலிருந்த பாக்டீரியாக்களோ உள்ளிருந்து அதனை அழுகச் செய்கின்றன. உடல் போதிய சூட்டில் இருந்தால் அமிலம் வெல்லும். சூடு குறைந்தால் அமிலச் சுரப்பு தளர்ந்து அழுகல் முந்திக்கொள்ளும். அழுகும் இரையிலிருந்து வாயு தோன்றி வயிறு உப்பும். பாம்பு அதனைக் கக்கிவிட்டால் தப்பிக்கலாம். கக்க இயலாதபோது அழுகலின் நச்சுகளும் பாக்டீரியாக்களும் இரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகின்றன.

இந்த ஜீரண வேலை எவ்வளவு பெரியது என்பதை ஆராய்ச்சியாளர்கள் பர்மிய மலைப்பாம்பைக் கொண்டு அளந்திருக்கின்றனர். நம் வடகிழக்கு மாநிலங்களிலும் காணப்படும் இனம் அது. பட்டினியாக இருக்கும்போது அதன் இரைப்பையில் அமிலம் அநேகமாக இல்லை. இரை உள்ளே சென்ற ஒரு நாளுக்குள் அங்கே மிகக் கடுமையான அமிலம் நிரம்பிவிடுகின்றது. இரண்டு நாட்களுக்குள் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இருமடங்காகின்றது. அதே காலத்தில் இருதயத்தின் தசை சுமார் 40 சதவிகிதம் பெருத்ததாக 2005-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. உணவு முடிந்ததும் இவையெல்லாம் சுருங்கிப் பழைய நிலையை அடைகின்றன. அதாவது, நெடுநாள் மூடிக் கிடக்கும் தொழிற்சாலை ஒன்றை ஒவ்வொரு இரைக்கும் புதிதாகத் திறந்து ஓட்டுவது போன்றது பாம்பின் ஜீரணம். திறக்கும் வேளையில் உஷ்ணம் கிடைக்காமற் போனாலும், கூடையை அசைத்தும் பாம்பைத் தூக்கியும் தொல்லை செய்தாலும், வேலை பாதியில் நின்றுவிடும்.

டில்லி போன்ற நகரங்களில் குளிர்கால இரவுகளில் உஷ்ணநிலை 10 டிகிரிக்கும் கீழே செல்வதுண்டு. மழைக்காலத்தில் கைப்பற்றப்பட்ட நாகம் குளிர்காலம் வரை சிமெண்டுத் தளமுள்ள அறையில் வைக்கப்பட்டால், அதற்கு இரை கொடுப்பது உதவியாகாது, தீங்காகவே முடியும். இரை உண்ணவில்லையே என்று இரக்கப்பட்டு, குளிரில் வாயைத் திறந்து எலியைத் திணித்ததனால் இறந்த பாம்புகள் உண்டு.

பாலும் பட்டினியும்

சிராவண மாத வளர்பிறையின் ஐந்தாம் நாள் நாகபஞ்சமி. வட மாநிலங்களிலும் தக்காணத்திலும் அன்று நாகத்திற்குப் பால் வைத்து வழிபடும் வழக்கம் பழமையானது. கல்லில் வடித்த நாகத்திற்கும் புற்றுக்கும் சுவரில் எழுதிய சித்திரத்திற்கும் செய்யும் வழிபாட்டினால் எந்தப் பாம்புக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் தொடங்குவது உயிருள்ள நாகத்தைக் கூடையில் வீடுவீடாகக் கொண்டு செல்லும்போதுதான்.

பாம்பு பால் குடிக்குமா என்பது பள்ளிகளில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பாலை உணவாகக் கொள்ளும் பிராணி அன்று அது. தவளை, தேரை, எலி, பறவை, முட்டை, பிற பாம்புகள் ஆகியவையே நாகத்தின் உணவு. தாயின் பாலைக் குடித்து வளரும் வகுப்பைச் சேர்ந்ததன்று ஆதலால், பாலை ஏற்று ஜீரணிக்கும் ஏற்பாடு அதன் குடலில் அமையவில்லை. அப்படியாயின் நாகபஞ்சமியன்று அது குடிப்பது எவ்வாறு? பண்டிகைக்குப் பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள், முன்பிருந்தே அதற்கு இரையும் தண்ணீரும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். தாகத்தால் வாடிய பாம்பு முன்னே வைத்த எந்தத் திரவத்தையும் உறிஞ்சும். அதுவும் முடியாதபோது வாயைத் திறந்து ஊற்றுவார்கள்.

ஊற்றப்பட்ட பால் இரு வழிகளில் செல்லக்கூடும். இரைப்பைக்குச் செல்லும் பால் அங்கே ஜீரணமாகாமல் புளித்துக் கழிச்சலை உண்டாக்கி, ஏற்கெனவே வறண்டிருக்கும் உடலிலிருந்து எஞ்சிய நீரையும் வெளியேற்றும். மற்றொரு வழி இதனினும் கொடியது. பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சு விடவேண்டியிருப்பதால், பாம்பின் மூச்சுத்துளை வாயின் அடித்தளத்தில் மிக முன்பாக அமைந்திருக்கின்றது. வாயில் ஊற்றும் பால் எளிதாக அதனுள் இறங்கிவிடும். நமக்குப் புரையேறினால் இருமி வெளியேற்றுகிறோம். பாம்பிற்கு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை. வலுவாக இருமவும் அதனால் இயலாது. மேலும், நாகத்தில் வலது நுரையீரல் ஒன்றே சுவாசத்திற்குப் பயன்படுகின்றது; இடது நுரையீரல் பெயரளவில்கூட இருப்பதில்லை என்றே சொல்லலாம். அந்த ஒரே நுரையீரலில் தங்கிய பால் பாக்டீரியாக்களுக்கு நல்ல உணவாகின்றது. சில நாட்களில் மூக்குத் துளைகளில் குமிழ்கள் தோன்றும். பாம்பு தலையை உயர்த்தி வாயைத் திறந்தே மூச்சு விடும். பண்டிகை முடிந்து, கூட்டம் கலைந்து, பாம்பாட்டி வேறு ஊருக்குப் போன பிறகே இந்த மரணம் நிகழ்வதால், பால் வார்த்தவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

வாய்ப்புண்

கூடை நாகங்களில் அடிக்கடி காணப்படும் நோய் வாய்ப்புண். அதற்குக் காரணம் வெளிப்படையானது. கடியினின்று தப்புவதற்காக நச்சுப்பற்களைக் குறட்டினாலோ துணியைக் கடிக்கவிட்டு இழுத்தோ பிடுங்கிவிடுவார்கள். சிலர் நச்சுச் சுரப்பியிலிருந்து பல்லுக்கு வரும் நாளத்தைச் சூடான ஊசியால் துளைத்து அழிப்பார்கள். உதடுகளை நூலால் தைத்து, நாக்கு வெளிவரும் அளவிற்கு மட்டும் இடம் விட்ட நாகங்களும் கைப்பற்றப்பட்டிருக்கின்றன. ஒரு நச்சுப்பல் போனால் அதன் பின்னே வரிசையாகக் காத்திருக்கும் மாற்றுப் பற்களில் ஒன்று சில வாரங்களில் முன்வந்து அமையும். ஆகவே பிடுங்குவதும் ஒரு முறையோடு முடிவதில்லை. பல் பிடுங்கிய பாம்பு ஆபத்தற்றது என்று நம்பி அதனைக் கையாளும் பணியாளர்கள் இதனைக் கருத்தில் கொள்வது நலம்.

கிழிந்த ஈறில் முதலில் குடியேறுபவை வெளியிலிருந்து வந்த அபூர்வக் கிருமிகள் அல்ல. தேங்கிய நீரில் வாழும் ஏரோமோனாஸ், ஈரமான இடங்களிலெல்லாம் காணப்படும் சூடோமோனாஸ், குடலைச் சார்ந்த புரோட்டியஸ் முதலியவையே அவை. ஆரோக்கியமான பாம்பின் வாயிலும் இவை சிறிதளவு இருக்கக்கூடும். அங்கே தீங்கு செய்வதில்லை. பட்டினியும் தாகமும் குளிரும் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, ஈறும் கிழிந்தவுடன் அவை பெருகுகின்றன. கூடையில் அழுக்கும் பாம்பின் கழிவும் சேர்ந்திருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

முதல் அறிகுறி ஈற்றில் ஊசிமுனை போன்ற செம்புள்ளிகள். கூர்ந்து நோக்கினாலன்றி இவை புலப்படா. அடுத்து வாயில் நூல்போன்ற கோழை சேரும். பாம்பு வாயை முழுவதும் மூட இயலாமல் ஓரத்தில் இடைவெளி தெரியும். பின்னர் ஈற்றோரமாகப் பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் நிறப் பொருள் படியும். அது உணவுத் துணுக்கன்று, சீழ். பாலூட்டிகளின் சீழைப்போல் பாம்பின் சீழ் நீராக இளகுவதில்லை. அதன் வெள்ளணுக்களில் திசுக்களை இளக்கும் நொதிகள் குறைவு என்பதே காரணம். ஆகையால் கட்டியைக் கீறிவிட்டால் தானே வடிந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனைத் துடைத்தும் சுரண்டியும் எடுக்கவேண்டும். கவனியாமல் விட்டால் தாடை எலும்பு அரிக்கப்படும். பாம்பு விழுங்கும் சீழிலுள்ள பாக்டீரியாக்கள் குடலுக்கும், மூச்சோடு சென்றவை நுரையீரலுக்கும், இரத்தத்தில் கலந்தவை கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவும். வாயில் தொடங்கிய நோய் வயிற்று நோயாக முடிவது இவ்வாறே.

பல் பிடுங்கப்படாத பாம்புகளுக்கும் வாய்ப்புண் வருவதுண்டு. கம்பிவலைக் கூண்டில் வழி தேடி மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பாம்புக்கு மூக்கின் நுனியில் ஏற்படும் காயமே போதும். உயிருள்ள எலியை இரவு முழுவதும் கூண்டில் விட்டு வைப்பதும் தவறு; இரை உண்ணும் நிலையில் இல்லாத பாம்பை எலி கடித்துவிடும்.

கக்குதலும் கழிச்சலும்

இரையைக் கக்கிய பாம்பையெல்லாம் நோயுற்றதென்று கொள்ளலாகாது. எப்போது, எந்த நிலையில் கக்கியது என்பதைப் பொறுத்தது அது. விழுங்கிய ஒரு நாளுக்குள் இரை அநேகமாக முழுதாக வெளிவந்தால், அச்சம், கையாளுதல், அளவுக்கு மீறிய இரை, அல்லது குளிர் என்று எண்ணலாம். பல நாட்கள் கழித்துப் பாதி கரைந்த இரை துர்நாற்றத்துடன் வந்தால், அல்லது தொடர்ந்து ஒவ்வொரு இரையும் இவ்வாறே வந்தால், நோய் இருக்கின்றது என்று கருதி மருத்துவரிடம் காட்டவேண்டும். எந்தக் காரணத்தால் கக்கியிருந்தாலும், மறுநாளே அடுத்த இரையை வைப்பது பெரும்பிழை. கக்கும்போது அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும். இரண்டு வாரம் போல் ஓய்வு கொடுத்து, தண்ணீர் மட்டும் வைத்து, பின்பு வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான இரையைக் கொடுப்பதே முறை.

பாம்பின் மலம் கருமையாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதனோடு சுண்ணாம்பு போன்ற வெண்ணிறப் பொருளும் வரும். அது யூரிக் அமிலத்தாலானது. மனிதரின் சிறுநீருக்கு நிகர். இதனைச் சீழென்று அஞ்சிக் கால்நடை நிலையத்திற்கு ஓடிவருவோர் உண்டு. உண்மையில் அஞ்சத்தக்கவை வேறு: இரத்தம் கலந்த மலம், நீர்போன்ற துர்நாற்றமுள்ள கழிச்சல், சளிப் படலம், கழிவுவாயைச் சுற்றி வீக்கம் ஆகியவை.

குடல் நோய்கள் யாவும் பாக்டீரியாவினால் வருபவை அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இல்லையேல் மருந்து வீணாகும். என்டமீபா இன்வேடென்ஸ் என்னும் ஓரணு உயிர், ஆமைகளின் குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கின்றது. அதுவே பாம்பின் குடலை அடைந்தால் பெருங்குடலைப் புண்ணாக்கி இரத்தக் கழிச்சலை உண்டாக்கிக் கொன்றுவிடும். அது ஏற்படுத்திய புண்களின் வழியே பாக்டீரியாக்கள் உட்புகுவதும் உண்டு. பறிமுதல் செய்த ஆமைகளையும் பாம்புகளையும் ஒரே அறையில் வைத்து ஒரே வாளியால் தண்ணீர் ஊற்றும் நிலையங்கள் இதனை அறிந்திருக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்னும் மற்றொன்று இரைப்பையின் சுவரைத் தடிக்கச் செய்கின்றது. நடுவுடலில் புடைப்புத் தெரியும். விழுங்கிய இரை சில நாட்களில் திரும்பிவிடும். உடல் மெலிந்துகொண்டே போகும். இதற்கு உறுதியான சிகிச்சை இன்றுவரை இல்லை. சாதாரணமாக உபயோகிக்கும் சலவைத்தூள் கரைசலுக்கு இதன் நுண்கூடுகள் அழிவதில்லை. கொதிநீரும் முழு உலர்வுமே அவற்றை ஒழிக்கும். மலத்தின் மாதிரியை நுண்பெருக்கியில் சோதித்தாலன்றி இவற்றைப் பாக்டீரியா நோயினின்று பிரித்தறிய இயலாது.

செதில்களின் இடுக்கில் கருமணல் போல் ஊரும் சிற்றுண்ணிகள் இரத்தத்தைக் குடிப்பதோடு, ஏரோமோனாஸ் பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றிற்குக் கடத்தவும் வல்லவை. தண்ணீர்த் தட்டின் அடியில் கரும்புள்ளிகள் மிதந்தால் உடனே ஐயுற வேண்டும்.

மருந்தினும் முந்தியது உஷ்ணம்

1970-களில் அமெரிக்காவில் பாலைவன உடும்பாந்தி என்னும் பல்லியைக் கொண்டு செய்யப்பட்ட சோதனை இத்துறையில் புகழ்பெற்றது. மாத்யூ குளூகர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அப்பல்லிகளுக்கு ஏரோமோனாஸ் பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்தினர். விருப்பம்போல் இடம் தேர்ந்துகொள்ள விடப்பட்டபோது, நோயுற்ற பல்லிகள் வழக்கத்தைவிட வெப்பமான இடத்தை நாடித் தம் உடல் உஷ்ணத்தைச் சுமார் 2 டிகிரி உயர்த்திக்கொண்டன. நமக்கு உள்ளிருந்து வரும் காய்ச்சலை அவை வெளியிலிருந்து தேடிப் பெற்றன எனலாம். பின்னர் நோயுற்ற பல்லிகளைப் பிரித்து 34 முதல் 42 டிகிரி வரையுள்ள வெவ்வேறு உஷ்ணநிலைகளில் வைத்தனர். உயர்ந்த உஷ்ணத்தில் இருந்தவை குறைந்த உஷ்ணத்தில் இருந்தவற்றினும் குறிப்பிடத்தக்க அளவில் அதிகமாகப் பிழைத்தன என்று 1975-இல் வெளியான முடிவு காட்டிற்று.

அந்தப் பல்லி பாலைவனத்தின் கடும் வெப்பத்திற்குப் பழகியது. அதற்கு ஏற்ற 40 டிகிரி நம் நாகத்தைக் கொன்றுவிடும். எனினும் கொள்கை பொதுவானது: நோயுற்ற பாம்புக்குத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி என்ற அளவில் வைத்தால் பாம்பு தனக்கு வேண்டிய இடத்தில் சுருண்டுகொள்ளும். பெட்டிக்கு வெளியே அடிப்புறத்தில் ஒரு பாதிக்கு மட்டும் மின்சார வெப்பத்தாள் வைப்பது ஒரு முறை. வெயிலில் கண்ணாடிப் பெட்டியை வைப்பது கூடவே கூடாது. சில நிமிடங்களில் உள்ளே உஷ்ணம் உயிரைப் போக்கும் அளவிற்கு ஏறிவிடும். ஊகத்தை நம்பாமல் ஓர் உஷ்ணமானியைப் பெட்டிக்குள் வைப்பது செலவு குறைந்த காரியம்.

அடுத்தது நீர். வறண்ட பாம்புக்குத் தூய தண்ணீரை அகன்ற கனமான தட்டில் வைக்க வேண்டும். நீர் மீண்டு வருவதற்கு முன்பே வீரியமான மருந்தைச் செலுத்தினால் சிறுநீரகங்கள் கெடும். அமிகாசின் வகை மருந்துகளில் இந்த ஆபத்து அதிகம்.

பாம்புகளுக்கு எதிருயிரி மருந்து கொடுக்கும் முறை பிற விலங்குகளுக்குக் கொடுப்பதினின்று வேறுபட்டது. அவற்றின் உடலில் மருந்து மெதுவாகவே கழிகின்றது. உதாரணமாக, செஃப்டாசிடிம் என்னும் மருந்து மனிதருக்கு ஒரு நாளில் பல முறை செலுத்தப்படுகின்றது. பாம்புக்கோ மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். பாம்பு எந்த உஷ்ணத்தில் இருக்கின்றது என்பதைப் பொறுத்து மருந்து கழியும் வேகமும் மாறும். ஆகையால் நாய்க்கும் மாட்டுக்கும் உள்ள கணக்கைக்கொண்டு தினமும் ஊசி போடுவது பாம்புக்கு விஷமாக முடியலாம். ஊசியை உடலின் முன்பாதித் தசையில் போடுவது வழக்கம். பின்பாதியில் போட்டால் மருந்து உடல் முழுவதும் பரவுமுன் சிறுநீரகத்தை அடையக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எந்த மருந்து என்பதை வாயிலிருந்து எடுத்த மாதிரியை வளர்த்துப் பார்த்தே தீர்மானிப்பது சிறந்தது. சூடோமோனாஸ் பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா. வாயை நீர்த்த போவிடோன் அயோடின் கரைசலால் துடைப்பது மருத்துவர் வரும்வரை செய்யத்தக்க உதவி. அதையும் நச்சுப்பாம்பைக் கையாளப் பயின்றவரே செய்ய வேண்டும்.

அடைத்து வைக்கும் காலத்தைக் குறைப்பதும் ஒரு சிகிச்சையே. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம், எதிர்நச்சு மருந்துக்காக நாகம், விரியன் முதலியவற்றிலிருந்து நச்சு எடுக்கின்றது. அங்கே பாம்புகள் மணல் இட்ட மண்பானைகளில், வாயில் துணி கட்டி வைக்கப்படுகின்றன. நான்கு முறை நச்சு எடுத்தபின், மூன்று நான்கு வாரங்களில், மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. மண்பானையின் உள்ளே இருட்டும் சீரான உஷ்ணமும் இருக்கும். எளிய பாத்திரமாயினும், விலையுயர்ந்த கண்ணாடிப் பெட்டியைவிடப் பாம்புக்கு அது உகந்தது.

பாம்பிடமிருந்து குழந்தைக்கு

இதுவரை சொன்ன பாக்டீரியாக்கள் முக்கியமாகப் பாம்பைத் துன்புறுத்துபவை. சால்மொனெல்லா என்பதன் கதை வேறு. பாம்பு, பல்லி, ஆமை ஆகியவற்றின் குடலில் அது வெகு சாதாரணமாக வாழ்கின்றது. பெரும்பாலும் அவற்றிற்கு நோய் தருவதில்லை. 1939-இலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பல்லிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு வகை இன்றும் அம்மாநிலத்தின் பெயராலேயே வழங்குகின்றது. மனிதருக்கோ இவ்வினத்தால் கழிச்சல், காய்ச்சல், வயிற்றுவலி ஆகியவை உண்டாகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் அது இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகக்கூடும். கைக்குள் அடங்கும் சிறு ஆமைகளைக் குழந்தைகள் விளையாட்டுப் பொருளாக வைத்திருந்ததனால் அமெரிக்காவில் இந்நோய் பரவிற்று. அதனால் 1975-இல் அந்நாட்டு அரசு ஓடு சுமார் 10 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஆமைகளை விற்பதையே தடை செய்தது.

பாம்பு பார்வைக்குச் சுத்தமாக இருப்பது இதில் எந்த உறுதியும் அளிப்பதில்லை. சால்மொனெல்லா மலத்தில் எல்லா நாட்களும் வெளிவருவதில்லை ஆதலால், ஒரு முறை சோதித்து இல்லை என்று வந்த முடிவும் போதாது. பாம்பின் குடலிலிருந்து அதனை மருந்தால் ஒழிக்க முயல்வது பயனற்றது. மருந்துக்கு அடங்காத வகைகளையே அது உண்டாக்கும். பாம்பைத் தொடாத கைக்குழந்தைகளுக்கும் நோய் வந்திருக்கின்றது. பாம்பைத் தொட்டவர் கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கியதும், பாம்பின் தண்ணீர்த் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவியதுமே இதற்குப் போதிய காரணங்கள்.

பள்ளிக்குப் பாம்பு கொண்டுவரப்பட்டு, மாணவர் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து, அடுத்த மணி அடித்ததும் மதிய உணவுக்கு ஓடுவது சில இடங்களில் நடைபெறுகின்றது. சட்டத்தையும் கடியையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது தகாது. பாம்பைக் கையாளும் பணியாளர் சோப்பிட்டுக் கையை நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரில் நனைத்துத் துடைப்பது கழுவுவது ஆகாது. பெட்டியைக் கழுவும் வாளியும் தூரிகையும் வேறு எதற்கும் பயன்படலாகாது. முதலில் அழுக்கை முழுவதும் தேய்த்து நீக்கிய பின்னரே சலவைத்தூள் கரைசல் இட வேண்டும். மலம் ஒட்டியிருக்கும் இடத்தில் அதன் வீரியம் அழிந்துவிடும்.

விடுவிக்கும் வேளை

கைப்பற்றிய நாகத்தை உடனே காட்டில் விட்டுவிடுவதே நல்லது என்று பலர் கருதுகின்றனர். அன்றே பிடிபட்ட, காயமற்ற பாம்புக்கு அது பொருந்தும். வாயில் சீழ் கட்டிய பாம்பை விட்டால் அது இரை பிடிக்க இயலாமல் எங்கோ மறைவில் சாகும். வாய்த்தையலைப் பிரித்தவுடன் விடுவிப்பதும் அவ்வாறே. புண் ஆறியதோடு நில்லாமல், மாற்றுப் பற்கள் அமைந்து, தானே இரையைப் பற்றி விழுங்கி, கக்காமல் ஜீரணித்து, மலம் கழித்த பின்னரே அது விடத்தக்க நிலையை அடைந்ததென்று மருத்துவர் கொள்வார். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதற்குள் வட மாநிலங்களில் குளிர் வந்துவிட்டால் வெயில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். நச்சு நாளம் அழிக்கப்பட்ட நாகம் மீண்டும் நச்சைச் செலுத்தி இரை கொல்ல முடியுமா என்பதைத் தனியே பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

இடைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது மிகப் பயனுள்ளது. பாம்பின் மெலிவு கண்ணுக்கு வெகு தாமதமாகவே தெரிகின்றது. முதுகெலும்பு கூர்மையாகப் புடைத்துத் தெரியும் முன்பே தராசு அதனைக் காட்டிவிடும். கைப்பற்றிய இடம், நாள், எடை, வாயின் நிலை, கடைசியாக மலம் கழித்த நாள், பெட்டியின் உஷ்ணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பாம்போடு அனுப்பினால், அதனைப் பெறும் மருத்துவர் முதல் நாளிலேயே சிகிச்சையைத் தொடங்க முடியும்.